தொட்டியை விட்டுக் குதிக்கும் மீன்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மீன் வளர்ப்பவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் இந்தத் துயரம் ஓயாமல் வருகிறது: காலையில் எழுந்து பார்த்தால் மீன் தரையில் காய்ந்து கிடக்கிறது. மீன் குதிப்பதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. ஒன்று பிறவிக் குணம். மற்றொன்று, தொட்டிக்குள் இருக்க முடியாத நிலை. முதலாவதற்கு நல்ல மூடி போதும். இரண்டாவதற்கு மூடியை மட்டும் போட்டால், வெளியே சாக வேண்டிய மீன் உள்ளே சாகும். எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

புதிதாக 2 அடித் தொட்டி வாங்கி, அன்றே பத்து டைகர் பார்ப் விட்டோம். ஒரு வாரத்துக்குள் மூன்று குதித்துச் செத்துவிட்டன. "இந்த மீன் அப்படித்தான் துள்ளும்" என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகி, திருச்சி

டைகர் பார்ப் துறுதுறுப்பான மீன்தான். ஆனால் ஒரே வாரத்தில் மூன்று போயிருக்கின்றன என்றால் குணத்தின் மேல் பழியைப் போட முடியாது. தொட்டி வாங்கிய அன்றே மீனை விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அமோனியாவாக மாறும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டரில் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை உங்கள் மீன்கள் தங்கள் கழிவிலேயே நீந்துகின்றன. அமோனியா செவுளை எரிக்கும். எரிச்சல் தாங்காத மீன் வேறு தண்ணீரைத் தேடித்தான் பாய்கிறது.

போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால், அமோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் கூடும். நம் ஊர் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, பிஎச் கூடியது. எனவே அதே அளவு அமோனியா இங்கே அதிகக் கேடு செய்யும்.

இன்றே செய்ய வேண்டியது: கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி போடாதீர்கள். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருங்கள். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் ஊற்றுங்கள். கடையில் விற்கும் எந்தப் பாட்டில் மருந்தைவிடவும் நான் அதைத்தான் நம்புவேன். புதிய மீன் எதுவும் இப்போது வாங்க வேண்டாம்.

தண்ணீர் மாற்றுகிற நாளில் மட்டும் மீன்கள் துள்ளுகின்றன. மற்ற நாட்களில் அமைதி. என்ன காரணம்?
– வாசகர், சேலம்

நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க வாளியில் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டு வைத்தால் சாதாரண குளோரின் போய்விடும். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீருக்கு அது போதாது, குளோரின் நீக்கி மருந்து ஊற்றியே ஆக வேண்டும்.

பலரும் கவனிக்காத காரணம் வெப்பம். கோடையில் பகல் 2 மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். 27 டிகிரியில் இருக்கும் மீன் மேல் அதை ஊற்றினால் அது துள்ளாமல் என்ன செய்யும்? விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து, மாலையில் மாற்றுங்கள். மாற்றிய பிறகு இரண்டு மணி நேரம் விளக்கை அணைத்து வையுங்கள்.

ஃபைட்டர் மீன் மேலே வந்து மூச்சு விடும் என்கிறார்கள். மூடி போட்டால் மூச்சு முட்டாதா?
– கல்லூரி மாணவி, மதுரை

முட்டாது. தண்ணீர் மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் காற்று இருந்தால் போதும். மூடியில் சில துளைகள் இருக்கட்டும். உண்மையில் மூடி இல்லாததுதான் ஃபைட்டருக்குக் கெடுதல், அதுவும் ஏசி அறையில். மூடிக்குக் கீழே தங்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்றைத்தான் அது விரும்பிச் சுவாசிக்கிறது.

தாய்லாந்தின் நெல்வயல்களிலும் ஆழம் குறைந்த சதுப்புகளிலும் வாழ்ந்த இனம் அது. ஒரு குட்டை வற்றினால் பக்கத்துக் குட்டைக்குத் தாவிப் பிழைக்கும். அந்தப் பழக்கம் கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ளும் தொடர்கிறது. கிண்ணத்தை விட்டு ஒரு சிறு தொட்டிக்கு மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாத மீன் குதிக்கும் வாய்ப்பு அதிகம்.

மூடி செய்ய எது நல்லது? கண்ணாடியா, அக்ரிலிக்கா, வலையா?
– வாசகர், வேலூர்

அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். நன்னீர்த் தொட்டிக்கு என் முதல் தேர்வு கண்ணாடி. 2 அடித் தொட்டிக்கு 4 மில்லிமீட்டர், 3 அடிக்கு மேல் 5 மில்லிமீட்டர் கனம் போதும். கண்ணாடிக் கடையில் வெட்டும்போதே நான்கு ஓரங்களையும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். ஈரக் கையோடு தினமும் தூக்கப்போகும் பொருள், ஓரம் கூராக இருந்தால் விரல் போய்விடும். ஒரே துண்டாக வேண்டாம். முன்பாதி, பின்பாதி என இரண்டாக வெட்டினால் தீனி போட முன்பாதியை மட்டும் நகர்த்தலாம்.

அக்ரிலிக் தகடு லேசானது, எளிதில் உடையாது. ஆனால் கீழ்ப்பக்கம் ஈரமும் மேல்பக்கம் காய்ச்சலுமாக இருப்பதால் நாளடைவில் அப்பளம் போல வளைந்து ஓரத்தில் இடைவெளி விடும். அதைவிட உள்ளே அறை அறையாக இருக்கும் பாலிகார்பனேட் ஷீட் மேல். கத்தியாலேயே வெட்டலாம்.

வலை மூடிக்கு, ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பவரிடம் தொட்டியின் அளவைக் கொடுத்தால் அலுமினியச் சட்டத்தில் செய்து தந்துவிடுவார். வலை நைலானாகவோ ஃபைபரிலோ இருக்கட்டும். செம்பு, பித்தளை வலை கூடவே கூடாது. கரையும் செம்பு இறாலைக் கொல்லும், மீனுக்கும் ஆகாது. துத்தநாகம் பூசிய கம்பி வலையும் வேண்டாம்.

எந்த மூடியாக இருந்தாலும், மீன் தப்புவது மூடியின் நடுவில் அல்ல, பின்பக்க மூலையில்தான். ஃபில்டர் குழாயும் ஹீட்டர் ஒயரும் ஏர் டியூபும் நுழைய விட்ட இடம் நான்கு விரல் அகலத்துக்குத் திறந்து கிடக்கும். மூடி போட்ட தொட்டியில் மீன் காணாமல் போனால், ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவர் ஓரமாகத் தேடுங்கள். மூடியைப் பொருத்தியபின் ஓரம் முழுக்கச் சுண்டுவிரலை ஓட்டிப் பாருங்கள். விரல் நுழைகிற இடத்தில் சிறு மீனும் நுழையும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிச் செருகினால் அடைபடும், காற்றும் போய்வரும்.

மூடி செய்து கைக்கு வரும்வரை தண்ணீர் மட்டத்தை இரண்டு அங்குலம் குறைத்து வையுங்கள். மேலே மிதக்கும் செடிகள் இருந்தாலும் துள்ளல் ஓரளவு குறையும். நிழல் கிடைத்த மீன் மிரள்வதில்லை.

எங்கள் சில்வர் அரவானா இரவில் மூடியில் மோதி முகத்தைக் காயப்படுத்திக்கொள்கிறது.
– வாசகர், சிங்கப்பூர்

அமேசான் வெள்ளக் காடுகளில் தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளைகளில் இருக்கும் பூச்சிகளைத் தாவிப் பிடிக்கும் மீன் அது. அந்தப் பாய்ச்சலை நிறுத்த முடியாது, தூண்டாமல் இருக்க முடியும்.

இரவு மோதல் என்றால் திடீர் வெளிச்சத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இருட்டில் கிடக்கும் மீனின் தலைக்கு மேல் பளிச்சென்று விளக்கைப் போட்டால் அது அம்பாய்ப் பாயும். காலையில் முதலில் அறை விளக்கு, அரை மணி கழித்துத் தொட்டி விளக்கு. இரவில் இதே வரிசையைத் திருப்பிச் செய்யுங்கள். ஒரு டைமர் வாங்கி மாட்டினால் மறக்காது. தீனியைக் கையில் பிடித்து மேலே நீட்டிக் குதிக்கவைத்து விருந்தாளிகளுக்குக் காட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். கைக்குத் தாவப் பழகிய மீன் மூடிக்கும் தாவும்.

பெரிய அரவானாவுக்கு மெல்லிய கண்ணாடி மூடி ஆபத்து, மோதலில் நொறுங்கலாம். கனமான பாலிகார்பனேட் போட்டு, இருபக்கமும் கிளாம்ப் வைத்து இறுக்குங்கள். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே ஓர் அரை அடி விட்டால் மோதும் வேகம் குறையும்.

வாய்க்காலில் பிடித்த விராலும் பனையேறிக் கெண்டையும் வளர்க்கிறேன். செங்கல் வைத்தும் மூடியைத் தள்ளிவிடுகின்றன.
– பள்ளி மாணவர், தஞ்சாவூர் மாவட்டம்

தம்பி, நம் மண்ணின் மீன்களைத் தேடி வளர்ப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உன்னிடம் இருப்பவை இரண்டுமே தப்பிப்பதில் கைதேர்ந்தவை. 1791-ல், உன் ஊருக்குத் தொலைவில் இல்லாத தரங்கம்பாடியில், டேனிஷ் படை அதிகாரியான டால்டார்ஃப் என்பவர் குளக்கரைப் பனைமரத்தின் பட்டை இடுக்கில் ஒரு பனையேறியைப் பிடித்ததாக எழுதி வைத்திருக்கிறார். மரமேறும் கதையை அறிஞர்கள் பலர் ஐயப்பட்டார்கள். ஆனால் இந்த மீன் செவுள் மூடியில் உள்ள முட்களை ஊன்றி ஈரத் தரையில் ஊர்ந்து போவதை மழைக்காலத்தில் யாரும் பார்க்கலாம்.

இரண்டுக்கும் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. எனவே மேலே காற்று இடம் கட்டாயம் வேண்டும். தண்ணீர் விளிம்புவரை நிரம்பி, மூடியும் இறுக்கமாக இருந்தால் மூச்சுத் திணறிவிடும். தண்ணீரை முக்கால் தொட்டியோடு நிறுத்து. செங்கல்லை எடுத்துவிடு, அது சரிந்து விழுந்தால் கண்ணாடி போய்விடும். சட்டம் போட்ட வலை மூடியைத் தொட்டியோடு சேர்த்து நான்கு மூலையிலும் கட்டு. விரால் குதிப்பதைவிட மூக்கால் முட்டித் தூக்குவதே அதிகம், ஆகவே கனத்தைவிடக் கட்டுதான் பயன்படும். ஒளிந்துகொள்ள உடைந்த பானைத் துண்டு ஒன்றை உள்ளே போட்டு வை. மழை பெய்யும் இரவுகளில் ஒருமுறை கட்டைச் சரிபார்.

காலையில் கூரமி தரையில் கிடந்தது. எவ்வளவு நேரம் கிடந்ததோ தெரியாது. செவுள் லேசாக அசைந்தது. தண்ணீரில் விட்டும் மாலையில் செத்துவிட்டது. வேறென்ன செய்திருக்கலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் வருத்தம் புரிகிறது. நேரம் கடந்திருந்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

காற்றில் கிடக்கும் மீனின் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சுற்றிலும் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறுவது அதனால்தான். கூரமி, ஃபைட்டர், விரால் போன்றவை காற்றைச் சுவாசிப்பதால் கூடுதல் நேரம் தாங்கும். கண் தெளிவாக இருந்து, உடல் வளைந்துகொடுத்தால், அசைவு இல்லை என்றாலும் முயன்று பாருங்கள். கண் குழிந்து, தோல் சுருங்கி, உடல் விறைத்திருந்தால் உயிர் போய்விட்டது.

கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை, மீன் மேல் இருக்கும் வழவழப்பான பூச்சை உரித்துவிடும். அதே தொட்டித் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் மொண்டு அதில் விடுங்கள். குழாயடிக்கு ஓடாதீர்கள். ஒட்டியிருக்கும் தூசியும் தலைமுடியும் தண்ணீரில் ஊறித் தானே கழன்று வரும், துணியால் துடைக்க வேண்டாம். பிறகு தொட்டிக்குள், ஏர் ஸ்டோன் குமிழிகளுக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், பின்னோக்கி இழுப்பது செவுளுக்குக் கெடுதல்.

பிழைத்துக்கொண்டால் மற்ற மீன்கள் கொத்தாதபடி தனியாகப் பிரித்து, வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு நாள் தீனி இல்லாமல் விடுங்கள். பிரித்து வைத்த தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு போடலாம். அடுத்த ஒரு வாரம் உடலில் பஞ்சு போல வெள்ளையாக ஏதாவது படர்கிறதா என்று பாருங்கள். தோல் உரிந்த இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும்.

கப்பியும் குதிக்குமா? தண்ணீர் சோதித்தேன், எல்லாம் சரியாகவே இருக்கிறது.
– வாசகர், புதுச்சேரி

குதிக்கும். டிரினிடாட் கப்பிகளின் துள்ளலை மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தினர் படம்பிடித்து ஆராய்ந்து 2013-ல் கட்டுரை வெளியிட்டார்கள். குதிக்கும் முன் கப்பி மெதுவாகப் பின்னால் நகர்ந்து ஆயத்தமாகிறது. இரைக்காகவோ பகைக்கு அஞ்சியோ அல்ல, ஓடையில் ஒரு மடுவிலிருந்து இன்னொரு மடுவுக்குப் பரவுவதற்கான ஏற்பாடு என்பது அவர்கள் கருத்து. உங்கள் தண்ணீரில் குறையில்லை. மூடி மட்டும் போடுங்கள்.

கடல்மீன் தொட்டியில் ஃபயர்ஃபிஷ் வாங்கலாம் என்றிருக்கிறேன். கண்ணாடி மூடி போட்டால் தண்ணீர் சூடேறுகிறது.
– வாசகர், கொழும்பு

ஃபயர்ஃபிஷ், ராஸ், கோபி மூன்றும் பெயர் பெற்ற குதிப்பாளிகள். 6 மில்லிமீட்டர் கண்ணி கொண்ட நைலான் வலை போடுங்கள், சூடு தங்காது. வலை தயாரான பிறகு மீனை வாங்குங்கள்.

மொட்டைமாடியில் சிமெண்ட் தொட்டியில் கோய் வளர்க்கிறோம். புதிதாக விட்ட இரண்டும் குதித்துவிட்டன. பழையவை குதிப்பதில்லை.
– வாசகர், சென்னை

புதிய கோய் முதல் சில வாரங்கள் இடம் பிடிபடாமல் தாவும். அந்தக் காலத்தில் தொட்டி முழுவதும் வலை கட்டி, நடுவில் தொய்யாமல் குறுக்கே இரண்டு பிவிசி குழாய் வையுங்கள். தொய்ந்த வலையில் விழும் மீன் அங்கேயே சிக்கிக் காய்ந்துவிடும். காக்கை, கொக்கு, மீன்கொத்தி தொல்லைக்கும் அதே வலை உதவும். மழைக்காலத்தில் தொட்டி வழிந்தால் மீன் குதிக்கவே தேவையில்லை, வழிந்தோடும் தண்ணீரோடு போய்விடும். விளிம்புக்கு ஓர் அடி கீழே வடிகுழாய் ஒன்று பொருத்தி, அதன் வாயில் வலை கட்டுங்கள். இலை சேர்ந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் மழைக்கு முன்னும் பின்னும் அதைத் துடைத்துவிடுங்கள்.