நானோகுழாய் பற்றிக் கேளுங்கள்

மாணவி: எஃகைவிட நூறு மடங்கு வலிமை என்கிறார்களே சார், அப்புறம் ஏன் விமானம் முழுக்க கார்பன் நானோகுழாயிலேயே செய்வதில்லை?

பதில்: நானோகுழாய் என்பது கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்கே தெரியாத மெல்லிய குழாய். அந்தக் கணக்கு ஒற்றைக் குழாய்க்குத்தான்மா. 2000-இல் தனித்தனியாக இழுத்துப் பார்த்தபோது 11 முதல் 63 ஜிகாபாஸ்கல் (இழுவிசையைத் தாங்கும் வலிமையின் அலகு) வரை தாங்கின. ஆனால் நீளம் சில மைக்ரான்தான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கோடிக்கணக்கில் சேர்த்தால்தான் ஒரு பாகம் வரும். சேர்த்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். குழாய் அறுவதற்கு முன்பே பிடி விட்டுப்போகிறது.

ட்ரோன் கட்டுபவர்: எபாக்சியில் (இறுகிக் கெட்டியாகும் ரெசின், அதாவது பிசின்) 2 சதவீதம் நானோகுழாய் கலந்தேன். வலிமை குறைந்துவிட்டது!

பதில்: குழாய்கள் கட்டி தட்டியிருக்கும். உடைந்த முகத்தை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். நூல்கண்டு சிக்கலாகக் கிடந்தது மாதிரி ஒரு கொத்து தெரிந்தால், விரிசல் கிளம்பிய இடம் அதுதான். அதோடு 2 சதவீதத்தில் ரெசின் களி போலாகி, காற்றுக்குமிழி வெளியேறாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். 0.1, 0.3 என்று ஆரம்பியுங்கள். கலவையை உருளைகளுக்கு நடுவே அரைத்துக் கட்டியைப் பிரிக்கும் மூன்று உருளை மில் கிடைத்தால் நல்லது. ஒலி அதிர்வால் கலக்கும் அல்ட்ராசோனிக் கருவியை நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். முதல் வருஷம் நான் அப்படி ஓட்டிவிட்டு, கலவை அருமை என்று குதித்தேன். பிறகு பார்த்தால் குழாய்களெல்லாம் நறுங்கிப்போயிருந்தன.

இன்னொருவர்: நானோகுழாய் 2800 டிகிரி தாங்கும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: வெற்றிடத்தில் தாங்கும். காற்றில் 500, 600 டிகிரியிலேயே எரிய ஆரம்பித்துவிடும். அதற்கு வெகு முன்பே எபாக்சி இளகிவிடும். விமான ரக எபாக்சிக்கே 200 டிகிரியை ஒட்டித்தான் எல்லை. சூடு தாங்க வேண்டுமென்றால் ரெசினை மாற்றுங்கள்: பிஸ்மலிமைடு, பாலிஇமைடு, அதற்கும் மேலே செராமிக். குழாயைத் தூவி எபாக்சியைக் காப்பாற்ற முடியாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை.

மாணவர்: அப்போ விண்வெளியில் இதற்கு வேலையே இல்லையா?

பதில்: இருக்கிறதே! 2011-இல் கிளம்பிய ஜூனோ விண்கலத்தில், மேற்பரப்பில் மின்னூட்டம் தேங்காமல் கடத்திவிட நானோகுழாய்த் தாளைப் போர்த்தினார்கள். 2017 மே மாதம் நாசா, நானோகுழாய் நூல் சுற்றிய அழுத்தக் கலனைச் சவுண்டிங் ராக்கெட்டில் (சோதனைக்காகக் கொஞ்ச நேரம் மேலே போய்த் திரும்பும் சிறிய ராக்கெட்) பறக்கவிட்டுப் பார்த்தது.

ட்ரோன் கட்டுபவர்: பொடியைக் கையாள துணி மாஸ்க் போதுமா?

பதில்: போதவே போதாது. நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் பெட்டிக்குள்தான் பொடியைத் திறக்க வேண்டும். 2014-இல் ஐஏஆர்சி (உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம்), ஒரு வகைப் பல்சுவர்க் குழாயை (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்குச் சுவர் கொண்டது) 2பி, அதாவது புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது. குழாய் கலந்து இறுகிய பலகையை அறுக்கும்போதும் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள்.