ஆஸ்துமா எவ்வளவு கடுமை? – கேள்வி பதில்

ஆய்வு மாணவி: ஆயிரம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு ஆஸ்துமாவின் கடுமையைக் கணக்கிட வேண்டும். எல்லோரையும் ஸ்பைரோமீட்டரில் (மூச்சை அளக்கும் கருவி) ஊத வைக்க வசதியில்லை.

ஊத வைத்தாலும் நல்ல நாளில் பிள்ளை சரியாகவே ஊதிவிடும். அதனால்தான் பிள்ளைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமை பற்றி 1991-ல் உருவான ஐசாக் என்ற பன்னாட்டு ஆய்வு கேள்விகளை நம்பியது. கடந்த 12 மாதங்களில் வீசிங் நான்கு முறையாவது வந்திருந்தாலோ, வாரம் ஓர் இரவாவது தூக்கம் கெட்டிருந்தாலோ, மூச்சுக்கு ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் போயிருந்தாலோ அது கடுமை. மொழிக்கு மொழி சொல் மாறுவதால் 13-14 வயதினருக்கு வீடியோவும் காட்டினார்கள். தமிழில் 'மூச்சு வாங்குகிறதா?' என்று கேட்காதீர்கள், மாடிப்படி ஏறியவனும் ஆமாம் என்பான். முதலில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு தாய்: மகளுக்கு எந்த இன்ஹேலர் நல்லது?

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இங்கே கூட்டத்தைத்தான் அளக்கிறோம், ஆளை அல்ல.

செவிலியர்: ஆஸ்துமா கட்டுப்பாட்டுச் சோதனையில் 25-க்கு 19 அல்லது அதற்கும் கீழே வந்தால் கடுமையான ஆஸ்துமாதானே?

இல்லை. கட்டுப்பாடு வேறு, கடுமை வேறு. அந்தச் சோதனை சொல்வது கடைசி நான்கு வாரக் கதை. மருந்தை ஒழுங்காக எடுக்காத லேசான நோயாளிக்கும் 12 வரலாம். ஒரு நோயாளியைப் பொறுத்தவரை, நோயை அடக்க எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்பதுதான் கடுமை.

மருந்தாளுநர்: அப்படியானால் மருந்துச் சீட்டைப் பார்த்தே கடுமையைச் சொல்லிவிடலாமே?

இங்கேதான் பலர் விழுகிறார்கள். நியூசிலாந்தில் 1976-ல் மூச்சுக்குழாயை விரிக்கும் பெனோட்டெரால் இன்ஹேலர் வந்தது, இளம் வயதினரின் ஆஸ்துமா சாவும் அதையொட்டி ஏறியது. 1989-ல் வெளியான ஆய்வு 117 ஆஸ்துமா மரணங்களை மற்ற 468 ஆஸ்துமா நோயாளிகளோடு ஒப்பிட்டு, இறந்தவர்களுக்கே பெனோட்டெரால் அதிகம் எழுதப்பட்டிருந்ததைக் கண்டு, மருந்தைச் சந்தேகித்தது. 'கடுமையான நோயாளிக்குத்தான் அதை எழுதினார்கள், நோய்தான் கொன்றது' என்பது எதிர்ப்பு. நல்ல வாதம்தான். அது உண்மையென்றால், கடுமையானவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கும்போது வித்தியாசம் சுருங்க வேண்டும். முந்தைய ஓராண்டுக்குள் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், மூன்று வகையோ அதற்கு மேலோ மருந்து எடுத்தவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். வித்தியாசம் கூடியது.

மருந்தாளுநர்: ஆனால் இறந்தவர்களின் மருந்து விவரம் ஓரிடத்திலும், மற்றவர்களுடையது வேறிடத்திலும் எடுத்தார்களே?

சரியான குற்றச்சாட்டு, நானும் மாணவனாக இருந்தபோது அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆய்வில் இரு தரப்புக்கும் மருத்துவமனைப் பதிவேட்டையே எடுத்தார்கள். முடிவு மாறவில்லை.

இன்னொருவர்: எனக்குப் பனிக்காலத்தில் வீசிங். எந்த இன்ஹேலர்…

மேலே பதில் இருக்கிறது.

புள்ளியியல் ஆசிரியர்: மருத்துவமனைச் சேர்க்கையைக் கடுமையின் அளவாக எடுத்தது மட்டும் சரியா? பஸ்ஸும் காசும் இருப்பவன்தானே சேர்கிறான்?

அதைத்தான் எங்கே போனாலும் சொல்கிறேன்: சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் வைத்து ஊரையும் ஊரையும் ஒப்பிடாதீர்கள். ஆனால் இங்கே ஒப்பீடு அதே நாட்டுக்குள், சேர்ந்தவர்களுக்கு இடையிலேயே.

மருந்தாளுநர்: ஸ்டீராய்டு இன்ஹேலரும் அப்போது பரவியதே? சாவு குறைந்தது அதனால் இருக்கலாம்.

அது பல ஆண்டாக மெல்ல ஏறியது. 1989-ல் பெனோட்டெராலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் சாவு சட்டென்று இறங்கியது. இந்த வேக வித்தியாசத்தை உங்கள் ஸ்டீராய்டால் எப்படி விளக்குவீர்கள்? எழுதுங்கள், காத்திருக்கிறேன். இன்ஹேலர் கேட்பவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது.