மகள் காமா கதிர் வெடிப்பு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். பொறியியலுக்குக் கட்-ஆஃப் வந்துவிடும். ஆனால் பிஎஸ்சி இயற்பியல்தான் படிப்பேன், விண்வெளியில் காமா கதிர் வெடிப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். நம்பி அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் பிஎஸ்சியா பொறியியலா என்ற சண்டையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அந்த வேலை நாள்தோறும் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியாது, பெரும்பாலும் மகளுக்கும் தெரியாது. அது தெரிந்தால் பாதிச் சண்டை தானாக அடங்கிவிடும்.

காமா கதிர் வெடிப்பு என்பது தொலைதூர விண்வெளியில் திடீரென எழுந்து அடங்கும் காமா கதிர்ப் பாய்ச்சல். இந்தத் துறையில் யாரும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. காமா கதிரைச் சாதாரண வில்லையாலும் கண்ணாடியாலும் குவிக்க முடியாது. காற்றுமண்டலமும் அதைத் தரைக்கு விடாது. அதனால் செயற்கைக்கோளில் உணர்கருவிகளை வைத்து, வந்து விழும் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, எண்ணுகிறார்கள். வெடிப்பு ஒரு நொடிக்குள்ளோ சில நிமிடங்களிலோ முடிந்துவிடும். அது வந்த திசையைச் சொல்ல மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோளின் வழி. காமா கதிர் பட்டால் மினுங்கும் 12 சோடியம் அயோடைடு படிகத் தட்டுகள் வெவ்வேறு பக்கம் பார்த்திருக்கும். இரண்டு தட்டுகளிலாவது எண்ணிக்கை திடீரென ஏறினால் கருவி விழித்துக்கொள்ளும். எந்தத் தட்டில் எவ்வளவு ஏறியது என்ற விகிதத்தை வைத்துத் திசையைக் கணிக்கிறார்கள். பூமி மறைக்காத வானம் முழுவதையும் பார்க்கலாம், ஆனால் பிழை பல பாகை வரை போகும். இரண்டாவது, 2004இல் ஏவப்பட்ட ஸ்விஃப்டின் வழி. சுமார் 52,000 ஈயத் துண்டுகளை ஒழுங்கில்லாமல் பதித்த ஒரு முகமூடி, அதற்குக் கீழே 32,768 காட்மியம் துத்தநாக டெல்லுரைடு உணர்கருவிகள். முகமூடியின் நிழல் எந்தப் பக்கம் நகர்ந்து விழுந்தது என்று பார்த்தால் சில கலைநிமிடத் (ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு) துல்லியத்தில் இடம் கிடைக்கும். உடனே செயற்கைக்கோளே திரும்பி, தன் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியால் சில கலைநொடி (கலைநிமிடத்தில் 60இல் ஒரு பங்கு) வரை நெருங்கிவிடும்.

மூன்றாவது, கடிகாரம். ஒரே வெடிப்பை ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் பார்த்தால், எதற்கு எவ்வளவு முன்னதாக வந்தது என்ற கால வித்தியாசமே திசையைச் சொல்லும். இரண்டுக்கும் இடையே பூமி–சூரியன் தூரம் இருந்தால், ஒளி அதைக் கடக்கச் சுமார் 500 நொடி. வெடிப்பு அந்தக் கோட்டுக்குக் குறுக்கான திசையில் இருந்தால், கால வித்தியாசத்தில் 50 மில்லிநொடி பிழை இருந்தாலும் வானில் அது சுமார் 20 கலைநொடிதான். அதுவே 10,000 கி.மீ. இடைவெளி என்றால், 1 மில்லிநொடிப் பிழையே கிட்டத்தட்ட 2 பாகையாகிவிடும். அதோடு, இரண்டு கருவிகள் வானில் ஒரு வளையத்தை மட்டுமே தரும்; குறுக்கே வெட்ட மூன்றாவது ஒன்று வேண்டும். இந்த இடத்தில் மகளின் முகம் மலர்ந்தால், அவள் கேட்பது உண்மையில் இயற்பியல்தான்.

செயற்கைக்கோளின் அறிவிப்பு வந்த பிறகு, வெடிப்பு விட்டுச் செல்லும் மங்கலான பின்னொளியைத் தேடுவது தரைத் தொலைநோக்கிகளின் முறை. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 70 செ.மீ. ஆடியுள்ள குரோத்-இந்தியா தொலைநோக்கி இதுபோல வானில் திடீரெனத் தோன்றி மாறும் ஒளிகளுக்காகவே தானியங்கியாக வேலை செய்கிறது. ஒரு படத்தில் அது பார்ப்பது ஏறத்தாழ அரைச் சதுரப் பாகை. ஸ்விஃப்ட் சொன்ன இடம் ஒரே படத்தில் அடங்கிவிடும். ஃபெர்மி சொன்னது 5 பாகை ஆரமுள்ள வட்டம் என்றால் பரப்பு 78 சதுரப் பாகை, அதாவது 160 படங்கள். படத்துக்கு 5 நிமிடம் வைத்தாலும் 13 மணி நேரம். இரவு அவ்வளவு நீளமில்லை. இதற்குள் பின்னொளி மங்கிக்கொண்டே போகும்: காலத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது என்று வைத்தால், முதல் மணியில் இருந்த வெளிச்சம் பத்தாவது மணியில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே எந்தப் பகுதியை முதலில் எடுப்பது, மேகம் எப்போது வரும், நிலா எங்கே நிற்கிறது என்று வரிசை போடும் நிரல் எழுதுவதுதான் அன்றாட வேலை. படத்தில் புதிதாகத் தெரியும் புள்ளிகளில் பெரும்பாலானவை குறுங்கோள், மாறொளி விண்மீன் அல்லது வெறும் கருவிக் கோளாறு. அவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். செயற்கைக்கோள் பக்கத்திலும் இதே தலைவலிதான்: சூரியத் தீப்பிழம்பும், தென் அட்லாண்டிக் மேலே உள்ள துகள் மண்டலமும் பொய் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

மலை உச்சியில் பெண் பிள்ளை ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டுமா என்ற கவலையும் பெற்றோருக்கு வருவதுண்டு. ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியையே பெங்களூரு அருகே ஹோசகோட்டேயில் இருந்துதான் இயக்குகிறார்கள். தூக்கம் கெடும், அதை மறைக்க வேண்டாம். மலை ஏற வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

இனி, பணம் கட்டும் முன் ஒரு சோதனை. விடுமுறையில் மூன்று வாரம் போதும். 8 ஜிபி நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி, பைத்தான் நிரல் மொழி, அதற்கான வானியல் தொகுப்பு ஆஸ்ட்ரோபை; மென்பொருள் எல்லாம் இலவசம். நாசாவின் ஹீசார்க் தரவகத்தில் 2008 செப்டம்பர் 16 அன்று ஃபெர்மி பதிவு செய்த ஜிஆர்பி 080916சி என்ற வெடிப்பின் கோப்புகள் கிடைக்கும். 12 தட்டுகளின் தரவையும் 1 நொடித் துண்டுகளாக்கி வரைபடம் போடச் சொல்லுங்கள். வெடிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள பின்னணியைப் பொருத்திக் கழிக்க வேண்டும். பிறகு மொத்த எண்ணிக்கையில் 5 விழுக்காட்டில் தொடங்கி 95 விழுக்காடு வரும் வரை எவ்வளவு நேரம் என்று கணக்கிட வேண்டும். ஃபெர்மி வெடிப்பு அட்டவணையில் உள்ள விடை சுமார் 63 நொடி.

முதல் முறை விடை வராது. பின்னணியை நேர்க்கோடு என்று வைத்திருப்பாள். செயற்கைக்கோள் பூமியைச் சுற்றும்போது பின்னணி வளைந்து வளைந்து மாறும் என்பது அப்போதுதான் உறைக்கும். பின்னணிக்கு எடுத்த பகுதி மிகக் குறுகலாக இருந்தாலும் விடை கோணும். நேரக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு: ஃபெர்மியின் கடிகாரம் 2001 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகிறது. அதன் பிறகு உலக நேரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக, கூடுதலாகச் சேர்த்த 5 லீப் நொடிகளைக் கவனிக்காமல் விட்டால், இன்றைய வெடிப்பின் நேரம் 5 நொடி தள்ளிப் போகும். மேலே சொன்ன கடிகார முறையில் 5 நொடி என்பது பெரும் பிழை.

மூன்றாவது வாரமும் அவள் கோபத்தோடாவது அந்த வரைபடத்துக்குத் திரும்பி வந்தால் பிஎஸ்சிக்கு அனுப்புங்கள். இரண்டாம் நாளே மூடிவிட்டால் வற்புறுத்த வேண்டாம். தரவில் சலிப்பு, ஆனால் அந்தத் தட்டு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தால், மின்னணுப் பொறியியல்தான் அவளுக்குச் சரியான வாசல். அஸ்ட்ரோசாட் என்ற இந்திய வானியல் செயற்கைக்கோளில், 16,384 படப்புள்ளிகள் கொண்ட, காமா வெடிப்புகளையும் பதிவு செய்யும் எக்ஸ்-கதிர்க் கருவி ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட கருவியைச் செய்ய மின்சுற்று தெரிந்தவர்கள் இல்லாமல் முடியாது.

பிஎஸ்சி வழி என்றால்: நல்ல கணிதத் துணைப்பாடமுள்ள கல்லூரி, இரண்டாம் ஆண்டிலிருந்தே எம்எஸ்சி சேர்க்கைக்கான ஜாம் தேர்வுக்குத் தயாரிப்பு, ஐஐடி ஒன்றில் எம்எஸ்சி, பிறகு ஜெஸ்ட் அல்லது நெட் தகுதித் தேர்வு எழுதிப் பிஎச்டி. ஜாம் ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. தமிழ்வழி மாணவி என்றால் முதல் ஆண்டிலேயே ஆங்கிலப் பாடநூலில் கணக்குப் போட்டுப் பழக வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு நேரடியாக ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு ஐஏடி தேர்வு, அதே போன்ற புவனேஸ்வர் நைசருக்கு நெஸ்ட் தேர்வு. பொறியியலும் வானியலும் சேர்ந்து வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டியில் பொறியியல் இயற்பியல் இரட்டைப் பட்டம் இருக்கிறது. அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்வதென்றால், பிஎஸ்சி தொடங்கிப் பிஎச்டி முடிய ஏறத்தாழ 10 ஆண்டுகள், அதன்பின் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலை. பிஎச்டி காலத்தில் 2023 ஜனவரி முதல் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுகளுக்குப் பின் 42,000. வீட்டுவாடகைப் படி தனி. நிரந்தரப் பதவிகள் குறைவு. தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் என்று அவளுடைய 23ஆவது வயதுச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் வீடு என்றால் அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள், பாதியில் சொல்வதைவிட அது நியாயம். பாதை மாறினாலும் கை வெறுமையாக இருக்காது: காலத்தொடர் தரவை அலசத் தெரிந்தவர்களுக்குத் தரவுத் துறையில் வேலை இருக்கிறது. ஃபெர்மியில் உள்ள அதே சோடியம் அயோடைடு படிகம்தான் மருத்துவமனை காமா கேமராவிலும் இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் மருத்துவ இயற்பியலில் எம்எஸ்சி போன்ற தனிப் படிப்பு வேண்டும், அண்ணா பல்கலைக்கழகத்தில் அந்த எம்எஸ்சி உண்டு.