பில் போடும் அரை மணி நேரத்துக்குக் காவல் வையுங்கள்

கேள்வி: குமுளியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். கம்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கும், வாட்ஸ்அப்பில் ஏல விலை கேட்பார்கள், எதிரில் சரக்கோடு ஆள் நிற்பார். போன மாதம் போடி வியாபாரியின் பில்லில் கேரளத்துக்குள் விற்பதற்கான வரியைப் போட்டுவிட்டேன். "பெண்களுக்கு நாலு வேலையை ஒன்றாகப் பார்க்க வருமே, உனக்கு என்ன?" என்கிறார் முதலாளி. கவனம் சிதறாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்களிடம் குறை எதுவும் இல்லை. ஜெர்மனியில் 48 ஆண்களையும் 48 பெண்களையும் வைத்துச் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பதிலும் இரு பாலாரும் ஒன்றுபோலவே தடுமாறினார்கள். முதலாளியிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

தவறு எங்கே நுழைகிறது என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. எண்ணின் 15 இலக்கங்களில் முதல் இரண்டு, மாநிலத்தைக் குறிப்பவை. கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. கேரளத்தில் இருக்கும் உங்கள் கடையிலிருந்து தமிழ்நாட்டுப் போடிக்குப் போகும் சரக்குக்கு, மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரியான ஐ.ஜி.எஸ்.டி. 5 சதவீதம், கேரளத்துக்குள்ளேயே கட்டப்பனைக்குப் போனால் அதே 5 சதவீதம் மத்திய, மாநில வரிகளாக இரண்டரை இரண்டரையாகப் பிரியும். கண் அந்த 33-ஐத் தொடும் நொடியில் போன் அடிக்கிறது. "எட்டு எம்எம் காய் என்ன விலை?" பதில் சொல்லிவிட்டுத் திரும்புகிறீர்கள். வரியைப் பார்த்தாகிவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. கை முந்தைய பில்லின் பழக்கத்திலேயே ஓடுகிறது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணினியில் வரிசையாகச் செய்ய வேண்டிய ஒரு வேலையை 300 பேரிடம் கொடுத்து நடுநடுவே குறுக்கிட்டார்கள். 2014-இல் வெளியான முடிவு இது: சராசரியாக 2.8 விநாடிக் குறுக்கீடே வரிசைத் தவறுகளை இரட்டிப்பாக்கியது. உங்கள் போன் பேச்சு அதைவிட நீளம்.

நாகர்கோவில் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்வது, செய்தாரே என்று யாராவது கேட்கலாம். அது ஆண்டுக்கணக்கான பயிற்சி. அதிலும் உயிர்நாடி, ஒவ்வொன்றையும் விட்ட இடம் மறக்காமல் போய் எடுப்பதுதான். அந்த ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். நினைவில் வைக்க வேண்டாம், தாளில் வைத்தால் போதும்.

போன் அடித்தால் இன்னொரு முறை அடிக்கட்டும். அதற்குள் ஒரு துண்டுத் தாளில் "போடி பில், எடை போட்டாச்சு, அடுத்து வரி" என்று எழுதிவிட்டு எடுங்கள். ஒரு வேலையை விட்டு அடுத்ததற்குத் தாவும்போது முந்தையதன் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே வரும் என்று 2009-இல் எழுதியவர் சோஃபி லெராய். நிறுத்திய இடத்தையும் அடுத்துச் செய்ய வேண்டியதையும் குறித்துவிட்டுப் போனால் அந்த ஒட்டல் குறைகிறது என்று அவரும் இன்னோர் ஆய்வாளரும் 2018-இல் காட்டினார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான மருந்து வேறு இல்லை.

நாள் முழுவதும் ஒருமுகமாக இருக்க ஆசைப்படாதீர்கள். விலை சொல்வதும் ஆளைக் கவனிப்பதும் உங்கள் வேலைதான். தவறினால் பணம் போகும் நேரத்தை மட்டும் காவல் காத்தால் போதும். விமானம் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது ஓட்டுநர் அறையில் வேலைக்குத் தேவையில்லாத பேச்சே கூடாது என்று அமெரிக்கா 1981-இல் விதி போட்டது. பயணம் முழுவதும் வாயை மூடச் சொல்லவில்லை. ஆபத்தான கட்டத்தில் மட்டும்தான். உங்களுக்கு அந்தக் கட்டம் பில்லும், சரக்கு வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் சீட்டான இ-வே பில்லும். வெளிமாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். போட்ட பிறகு வண்டி விவரத்தை மாற்றலாம். மற்றதைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாகத்தான் போட வேண்டும். அதற்குள் லாரி கிளம்பியிருந்தால், வழியில் சோதனையில் நிற்கப்போவது அந்த டிரைவர்.

ஆகவே பில்களைச் சேர்த்துவைத்துப் போடுங்கள். தமிழ்நாட்டுக்குப் போகிறவற்றை ஒரு கட்டாக முடித்துவிட்டுக் கேரளத்தினுடையதை எடுங்கள். ஒன்று மாற்றி ஒன்று வேண்டாம். இ-வே பில்லுக்கான பொத்தானை அழுத்தும் முன் அந்த இரண்டு இலக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். ஏலம் முடிந்ததும் சராசரி விலையையும் உச்ச விலையையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டால் பாதிக் கேள்விகள் வராது. எதிரில் நிற்பவரைப் பார்க்காததுபோல் இருக்காதீர்கள். நிமிர்ந்து, மலையாளத்திலோ தமிழிலோ, ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டால் காத்திருப்பார்.

இதில் உங்களால் தனியாக முடியாதது ஒன்றுதான்: அந்த அரை மணி நேரம் போனை வேறொருவர் எடுக்க வேண்டும். முதலாளியிடம் கவனம், மனம் என்றெல்லாம் பேச வேண்டாம். போன மாதத்துப் பில்லைத் திருத்த எத்தனை பேருக்கு எவ்வளவு நேரம் போயிற்று என்று கணக்கெழுதிக் காட்டி, "பில் போடும்போது போனை நீங்கள் எடுக்கிறீர்களா, கடைப் பையனிடம் கொடுக்கட்டுமா?" என்று கேளுங்கள்.