எக்ஸ்ரே நார்மல்; கழுத்து ஏன் கல்லாகிறது?

கேள்வி: ராயபுரத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் வேலை. கப்பல் வரும் நாட்களில் சாயங்காலத்துக்குள் கழுத்தும் தோளும் கல்லாக இறுகிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். டென்ஷனால் சதை வலிக்குமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாக வலிக்கும். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். தசை இறுக்கம் அதில் தெரியாது. பதற்றத்தில் அட்ரினலின் சுரந்ததும், பிடரியிலிருந்து தோள்வரை பரவும் ட்ரபீசியஸ் தசை நம்மை அறியாமலே சுருங்குகிறது. அது மணிக்கணக்கில் தளராவிட்டால் அதே நார்கள் ஓய்வின்றி உழைத்து, தொட்டாலே வலிக்கும் முடிச்சாகிவிடும். மூச்சும் மேலோட்டமாகும், உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசை) செய்ய வேண்டிய வேலையைக் கழுத்துத் தசைகள் இழுத்துப் போட்டுக்கொள்ளும்.

இதைப் படிக்கும்போதே கவனியுங்கள்: மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கின்றனவா? வாய் மூடியிருந்தாலும் பற்கள் தொடக்கூடாது. போனைத் தோளில் இடுக்கிப் பேசும் பழக்கம் இருந்தால் முதலில் ஒரு ஹெட்செட் வாங்கிவிடுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை தோள்களைக் காதுவரை உயர்த்தி, 5 விநாடி பிடித்து, சட்டென்று விடுங்கள், 5 முறை. விடுவதில்தான் பலன், உயர்த்துவதில் அல்ல. பிறகு 4 விநாடி மூச்சை இழுத்து 6 விநாடி விடுவது, 2 நிமிடம். இரவில் துண்டு சுற்றிய வெந்நீர்ப் பை 15 நிமிடம். சலூனில் கழுத்தைச் சொடுக்கெடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். வலி மாத்திரையை அடிக்கடி போட்டால் இரைப்பை புண்ணாகலாம்.

விரல் மரத்தாலோ பிடி தளர்ந்தாலோ ஸ்டான்லி மருத்துவமனையில் காட்டுங்கள். நெஞ்சழுத்தம், வியர்வையோடு தோள் வலித்தால் 'டென்ஷன்தான்' என்று உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.