படம் முடிந்த பிறகும் தொடரும் பயம்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்த்துவந்த நான், இயற்கை வேளாண்மையின் மீதிருந்த விருப்பத்தால், திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான்கு ஏக்கர் நிலம் வாங்கி மனைவியுடன் குடியேறினேன். எங்கள் இருவருக்கும் அங்கே உறவென்று யாரும் இல்லை. பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடந்த அந்த நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட பிறகு ஊராரின் போக்கு மாறிவிட்டது. நான் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருமுறை சொட்டுநீர்க் குழாய்களை யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தம்பி இருவரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் எத்தனை நாளைக்கு இங்கே இருப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள்.

இந்த நிலையில்தான் 2022-இல் வெளிவந்த 'அஸ் பெஸ்தாஸ்' என்ற படத்தைப் பார்த்தேன். ஸ்பெயின் நாட்டின் கலீசியப் பகுதியில் குடியேறி இயற்கை முறையில் காய்கறி பயிரிடும் பிரெஞ்சுத் தம்பதியையும், அவர்களைப் பகைக்கும் பக்கத்து வீட்டுச் சகோதரர்களையும் பற்றிய கதை அது. என் வாழ்க்கையையே எடுத்துவைத்ததைப் போல இருந்தது. அன்று முதல் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இரவில் எழுந்து கேட்டைச் சரிபார்க்கிறேன். படத்தில் கிணற்று நீரைக் கெடுத்துவிடுவதால் தினமும் கிணற்றை எட்டிப் பார்க்கிறேன். நாய் குரைத்தால் நெஞ்சு படபடக்கிறது. அந்தச் சகோதரர்களின் வீட்டை நோக்கிக் கண்காணிப்புக் கேமரா பொருத்தலாமா என்று யோசிக்கிறேன். பால் சங்கத்தில் எல்லோரிடமும் பேசிப் பழகும் என் மனைவியோ, நான் மிகையாகப் பயப்படுவதாகச் சொல்கிறார். எனக்கு மனநோயா, அல்லது உண்மையிலேயே ஆபத்தா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை வைத்து உங்களுக்கு மனநோய் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். குழாயை வெட்டியது கற்பனை அல்ல; ஊர் உங்களை ஏற்கத் தயங்குவதும் கற்பனை அல்ல. ஆனால் அந்த உண்மைகளுக்கான விளக்கத்தை நீங்கள் ஒரு திரைப்படத்திடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டீர்கள். அதைத்தான் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இயக்குநர் ரோத்ரிகோ சொரொகோயன் அந்தப் படத்தை எப்படித் தொடங்குகிறார் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காட்டுக் குதிரையொன்றை ஆண்கள் வெறுங்கையால் கட்டிப்பிடித்து அடக்கும் காட்சி மெதுவாக ஓடுகிறது. கதாநாயகன் அந்துவானின் முடிவும் அதே பிடியில்தான் நிகழ்கிறது. முடிவை முன்கூட்டியே உடலுக்கு உணர்த்திவிட்டதால், அதற்குப் பின் மதுக்கடையில் நடக்கும் சாதாரண டொமினோ ஆட்டம்கூட நமக்கு மிரட்டலாகப் படுகிறது. எதிரே வந்து நிற்கும் ஆபத்தைவிட, வருமா வராதா என்று தெரியாத ஆபத்தே மனத்தை அதிகம் வாட்டும். நிச்சயமின்மையைத் தாங்க முடியாத மூளை, சான்று தேடத் தொடங்கி, தேடியதையெல்லாம் சான்றாகவே காண்கிறது. கேட்டை நீங்கள் சரிபார்த்ததும் கிடைக்கும் சிறு நிம்மதி, மறுநாளும் சரிபார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை வளர்க்கிறது. மிகை விழிப்பு வேரூன்றுவது இப்படித்தான். எனவே படுக்கும் முன் ஒரே ஒருமுறை கேட்டைப் பாருங்கள். பிறகு எழத் தோன்றினாலும், அந்தப் படபடப்பு தானே தணியும்வரை படுக்கையிலேயே இருந்து பழகுங்கள். முதல் சில இரவுகள் கடினமாக இருக்கும். கிணற்றை எட்டிப் பார்ப்பதற்கும் இதே முறைதான்.

படத்துக்குத் தூண்டுதலாக இருந்த உண்மைச் சம்பவம், கலீசியாவின் சாந்தோவாயா என்ற மலைக் குக்கிராமத்தில் நடந்தது. நெதர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் 2010-இல் கொல்லப்பட்டார். அவருடைய எச்சங்கள் 2014-இல்தான் கிடைத்தன. பொதுக் காட்டு நிலத்தின் வருமானத்தில் யாருக்குப் பங்கு என்பதே அங்கே தகராறு. நீங்கள் கவனிக்க வேண்டியது, எல்லோரும் வெளியேறிய அந்த இடத்தில் எஞ்சியிருந்தவை இரண்டே குடும்பங்கள் என்பதை. சண்டை முற்றினால் நடுவில் நின்று பேச மூன்றாவது வீடே இல்லை. உங்கள் ஊரிலோ டீக்கடை இருக்கிறது, பால் சங்கம் இருக்கிறது, பெரியவர்கள் இருக்கிறார்கள். பகையை ஆறவைக்கக்கூடிய இத்தனை பேர் இருக்கும்போது, அந்த மலையின் தனிமையை உங்கள் ஊரின் மீது ஏற்றிப் பார்ப்பது சரியல்ல.

படத்தில் அந்தச் சகோதரர்களின் கோபத்துக்கும் காரணம் உண்டு என்பதை உங்கள் கடிதம் குறிப்பிடவே இல்லை. காற்றாலை அமைக்க ஊர் ஒப்புக்கொண்டால் இழப்பீட்டுப் பணம் கிடைக்கும். வாழ்நாள் முழுவதும் வறுமையில் உழன்றவர்களுக்கு அதுதான் வெளியேறும் வழி. வந்தேறியான அந்துவான் அதற்கு எதிராக வாக்களிக்கிறார். உங்கள் வேலியைப் பற்றியும் இதே கோணத்தில் கேட்க விரும்புகிறேன். தரிசாகக் கிடந்தபோது அங்கே யாருடைய ஆடுகள் மேய்ந்தன? குறுக்கே பாதை இருந்ததா? பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் தலைமுறையாக நடந்த வழி ஒரே நாளில் அடைபட்டால் அந்த ஊருக்கு அது இழப்புதான். "எத்தனை நாளைக்கு இருப்பீர்கள்?" என்ற கேள்வி மிரட்டலாக இருக்கலாம், நிலத்தை வாங்கி, வேலி போட்டு, விற்றுவிட்டுப் போனவர்களைப் பார்த்துச் சலித்தவர்களின் உண்மையான கேள்வியாகவும் இருக்கலாம். அதைக் கேட்டவர்களிடமே பதில் சொல்லிப் பாருங்கள். (நீங்கள் எந்தச் சாதி என்ற விசாரிப்பும் நம் ஊர்களில் இதற்குள் ஒளிந்திருக்கும் என்பது எனக்கு வேதனை தருகிறது. அதன் பேரில் அவமதிப்போ அச்சுறுத்தலோ நேர்ந்தால் பொறுத்துப்போக வேண்டியதில்லை.)

கேமராவை உங்கள் கேட்டையும் மோட்டார் அறையையும் பார்க்கும்படி வையுங்கள். அடுத்தவர் வாசலை நோக்கி வைக்காதீர்கள். அந்துவான் தன் கேமராவில் சகோதரர்களை மறைந்திருந்து பதிவுசெய்யும்போது பகை மேலும் கூர்மையடைகிறது. அதை மனைவி ஓல்கா விரும்பவில்லை என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். படத்தின் பிற்பகுதி முழுக்க அவருடையது. உங்கள் மனைவிக்குப் பயமில்லை என்பதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாமல், பால் சங்கத்தில் அவர் கேட்டறிந்தவற்றை உட்கார்ந்து முழுமையாகக் கேளுங்கள். வேலியைப் பற்றி ஊரில் என்ன பேச்சு என்பது அநேகமாக அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு இருவரும் சேர்ந்து, ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு, பகல் வேளையில் அந்தச் சகோதரர்களின் வீட்டுக்குச் செல்லுங்கள். பாதை தேவையென்றால் ஒரு ஓரத்தில் வழிவிடுவது பற்றிப் பேசலாம்.

அதே நேரத்தில், நேரடியான கொலைமிரட்டல், ஆயுதத்துடன் நுழைதல், கிணற்றையோ மின் இணைப்பையோ சேதப்படுத்துதல் ஆகியவற்றில் ஒன்று நடந்தாலும் தேதியுடன் எழுதிவைத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அவசரமென்றால் 112-ஐ அழையுங்கள். குழாய் வெட்டப்பட்டதையும் இப்போதே குறித்துவையுங்கள். எழுதிவைத்த நிகழ்வுகளையும் உங்கள் ஊகங்களையும் தனித்தனிப் பக்கங்களில் வைத்தால், எந்தப் பக்கம் வேகமாக நிரம்புகிறது என்பது உங்களுக்கே தெரியவரும்.

தூக்கமின்மை இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடித்தால், அல்லது பயத்தால் தோட்ட வேலையையே விட்டுவிடத் தோன்றினால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். எந்த நேரத்திலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சகோதரர்களிடம் பேசிய பிறகு என்ன நடந்தது என்பதை எனக்கு எழுதுங்கள்.