நிரல் எழுதுவதுதான் என் உண்மையான ஆர்வமா?

கேள்வி: எனக்கு வயது 28. வணிகவியல் படித்துவிட்டு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சில மாதங்களாக இரவில் வீடியோ பாடங்களைப் பார்த்துப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுவருகிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. வெற்றுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. மாதக் கடைசியில் இரண்டு பில் பட்டியல்களை ஒப்பிட ஒரு சிறிய நிரல் எழுதினேன். அதுவும் தப்பாக ஓடியது. ஒரு பட்டியலில் எண்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்திருக்கிறது; அதைக் கண்டுபிடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. உண்மையான ஆர்வம் இருப்பவர்களுக்கு இவ்வளவு சிரமம் இருக்காது என்கிறார் நண்பர். முன்பு வயலின், புகைப்படக்கலை இரண்டையும் ஆசையாகத் தொடங்கிப் பாதியில் விட்டவள் நான். இதுவும் அப்படித்தானா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா? கணினிப் பட்டம் இல்லாமல் வேலை கிடைக்குமா? அடுத்து ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியையும் படிக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இரண்டு பட்டியல்களைப் பற்றிய வரிகளைத்தான். நீங்கள் அதைத் தோல்விக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ, கடிதம் முழுவதிலும் உங்களைப் பற்றி நல்ல சேதி சொல்வது அந்த இடம்தான்.

என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1047 என்ற பில் எண் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நிரல் மட்டும் பொருந்தவில்லை என்று அடம்பிடிக்கிறது. பலர் இந்த இடத்தில் கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்; மறுநாள் கையாலேயே ஒப்பிட்டு முடித்துவிடுவார்கள். நீங்கள் போகவில்லை. ஒரு எண்ணில் நான்கு எழுத்து, இன்னொன்றில் ஐந்து எழுத்து என்ற வித்தியாசம் தெரியும்வரை தோண்டியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் இது என் உண்மையான ஆர்வமா என்ற கேள்வி உங்களுக்கு வந்ததா? வந்திருக்காது என்றே நினைக்கிறேன். காரணம் தெரிய வேண்டும் என்ற ஒன்றுதான் மனதில் இருந்திருக்கும்.

சிரமம் இருக்காது என்று சொன்ன உங்கள் நண்பருக்கு மாரிஸ் வில்க்ஸின் கதையைச் சொல்லுங்கள். 1949-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினியை உருவாக்கிய குழுவின் தலைவர் அவர். 1967-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றவர். அந்த இயந்திரத்துக்கு நிரல் எழுதத் தொடங்கிய நாட்களிலேயே, இனித் தன் வாழ்நாளில் பெரும்பகுதி தன் நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதில்தான் கழியப்போகிறது என்று தனக்கு உறைத்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கணினியைக் கட்டியவருக்கே அந்த நிலைமை. இந்தத் தொழிலில் சிரமம் என்பது ஆர்வம் இல்லாததன் அறிகுறி ஆகாது. வேலையில் பெரும்பங்கு அதுதான்.

ஆர்வத்தைப் பற்றி மனவியலாளர்கள் பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. ஆர்வம் நமக்குள் முன்பே தயாராக இருக்கிறது, தேடி எடுத்தால் போதும் என்று நம்புகிறவர்கள் ஒருபுறம். ஆர்வம் வளர்க்க வளர்க்க வளரும் என்று நம்புகிறவர்கள் மறுபுறம். கருந்துளை பற்றிய சுவையான ஒரு வீடியோவைக் காட்டியபோது பார்த்தவர்களுக்கு ஆர்வம் பிறந்தது. அதே விஷயத்தைப் பற்றிக் கடினமான ஒரு கட்டுரையைக் கொடுத்ததும் முதல் வகையினரின் ஆர்வம்தான் அதிகமாகச் சரிந்தது. கடினமாக இருக்கிறது, ஆகவே இது எனக்கானது இல்லை என்று அவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். உங்கள் நண்பர் உங்களை அந்த முடிவை நோக்கித்தான் தள்ளுகிறார்.

வயலினையும் புகைப்படக்கலையையும் விட்டதற்காக உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ள வேண்டாம். தொட்டுப் பார்த்தீர்கள், விட்டீர்கள். அதை வைத்து இதைக் கணிக்க முடியாது.

அடுத்து, வெற்றுத் திரை. வேறொருவர் போட்டு முடித்த இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்துத் தலையாட்டுவதும், சில்லறை ரசீதுக் கட்டிலிருந்து அதைத் தயாரிப்பதும் ஒன்றல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வீடியோ பார்க்கும்போது உங்களிடம் இருப்பது அடையாளம் காணும் அறிவு. எழுதுவதற்கு வேண்டியது நினைவிலிருந்து எடுத்து அடுக்கும் அறிவு. எனவே பாடம் முடிந்ததும் வீடியோவை மூடிவிட்டு, அதில் பார்த்ததை நீங்களாக எழுதிப் பாருங்கள். தடுமாறும் இடம் எதுவோ, நீங்கள் இன்னும் கற்காத இடம் அதுதான். எழுதத் தொடங்கும்முன் செய்யவேண்டியதைத் தமிழிலேயே வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: முதல் பட்டியலைப் படி, ஒவ்வொரு எண்ணாக எடு, இரண்டாவது பட்டியலில் தேடு, இல்லாவிட்டால் தனியே குறித்துவை. இந்த ஒவ்வொரு வரியும் பைத்தானில் இரண்டு மூன்று வரிகள்தான். பிழைச் செய்தி வந்தால் பதறாமல் அதன் கடைசி வரியை முதலில் படியுங்கள். பைத்தான் என்ன பிழை என்பதை அங்கேதான் சொல்லும். எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும்.

புதிய பாடத்திட்டம் எதையும் இப்போது தேட வேண்டாம். உங்கள் பட்டியல் நிரலையே வளர்த்துக்கொண்டு போங்கள். பில் எண்ணோடு தொகையையும் ஒப்பிடச் சொல்லுங்கள். உடனே ஒரு விசித்திரத்தைச் சந்திப்பீர்கள். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 வரும். கணினி எண்களை இரண்டின் அடிமானத்தில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் தசமத்தில் எழுதி முடிக்க முடியாததுபோல, பத்தில் ஒரு பங்கை அதனால் சரியாக எழுதி முடிக்க முடியாது. கணக்கர் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! பணத்தைக் கையாள்வதற்குப் பைத்தானில் டெசிமல் என்று தனியாக ஒரு தொகுதி வைத்திருப்பதற்கான காரணம் அப்போது விளங்கும். பாடமாகப் படித்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும் செய்தி, உங்கள் மொத்தத் தொகை இடித்த அன்று படித்தால் மறக்காது.

இன்னொன்று. உங்கள் பட்டியல்களில் பத்தாயிரம் பில்கள் வீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டியலின் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டாவது பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடினால், மோசமான நிலையில் 10 கோடி ஒப்பீடுகள். இரண்டாவது பட்டியலை, மேலிருந்து கீழ்வரை தேடாமல் ஓர் எண் இருக்கிறதா என்று நேராகப் பார்க்க உதவும் செட் என்ற வடிவத்தில் போட்டுவைத்துத் தேடினால் சுமார் பத்தாயிரம் தேடல்களோடு வேலை முடிந்துவிடும். காத்திருந்து அலுத்துப்போன நிரல் கண்மூடித் திறப்பதற்குள் முடிவதைப் பார்ப்பதில் உள்ள சந்தோஷத்தை அனுபவித்தால்தான் தெரியும். தரவுக் கட்டமைப்புகள் என்று கல்லூரியில் கற்றுத்தரும் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. தாமாகக் கற்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவதும் இந்தப் பாடத்தைத்தான். நீங்கள் விட்டுவிடாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற அறிமுகப் பாடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் பயிற்சிக் கணக்குகளை ஒன்றுவிடாமல் போட்டுப் பாருங்கள்.

கேட்டதும் நிரல் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. நீங்கள் எழுதி முடித்தபின் அதைக் காட்டிக் குறை கேளுங்கள். புரியாத வரிக்கு விளக்கம் கேளுங்கள். முதல் வரியிலேயே அதன் கையில் ஒப்படைத்துவிட்டால், அந்த நள்ளிரவில் உங்களுக்குக் கிடைத்த பயிற்சி அந்தக் கருவியோடு போய்விடும். அலுவலகத்தின் உண்மையான பட்டியல்களை அதில் ஒட்டவே வேண்டாம். அவை உங்கள் சொத்தல்ல.

வேலையை விடாதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சேமிப்பு கரையக் கரைய, கற்றுக்கொள்வதில் இருக்கும் நிதானம் போய்விடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது: உங்களுக்கு நல்ல சிக்கல்களைத் தினமும் கொண்டுவந்து தருவது அந்தக் கணக்குப் பிரிவுதான். வீட்டில் தனியே உட்கார்ந்திருப்பவர் என்ன எழுதுவது என்று தேடிக்கொண்டிருக்கிறார். உங்களுக்கோ ஒவ்வொரு மாதக் கடைசியும் கொண்டுவந்து கொட்டுகிறது.

பட்டம் பற்றிய கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். பட்டம் இல்லாத விண்ணப்பங்களை முதல் சல்லடையிலேயே ஒதுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. முதல் வேலைதான் கடினம். பல நிராகரிப்புகளுக்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். ஆனால் புரோகிராமர் என்ற பலகை தொங்கும் வாசல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும் என்பதில்லை. கணக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்கள், நிதித் தரவுகளை ஆராயும் பிரிவுகள் போன்ற இடங்களில் பற்று வரவு தெரிந்தவர் நிரலும் எழுதுவார் என்றால் அவருக்குத் தனி மதிப்பு உண்டு. உங்கள் இப்போதைய நிறுவனத்திலேயே மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு, பட்டியல் ஒப்பிடும் நிரலைப் பிரிவில் மற்றவர்களும் பயன்படுத்தும்படி செய்ய முடியுமா என்று பாருங்கள். நீங்கள் எழுதியதை இன்னொருவர் ஓட்டும்போது வருகிற புகார்கள் எந்தப் பாடத்திலும் கிடைக்காதவை.

வெளியே காட்டுவதற்கு அதே நிரலைக் கற்பனைப் பட்டியல்களோடு தனியாக எழுதிவையுங்கள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் அதன் பணிகளுக்காக உருவாக்கிய, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியை இன்று மென்பொருள் துறையில் பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். அதில் முதல் நாளிலிருந்தே மாற்றங்களைப் பதிந்துவந்தால், தப்பாக ஓடிய பதிப்பும் திருத்திய பதிப்பும் இரண்டுமே அங்கே இருக்கும். நேர்காணலில் அதைத் திறந்துவைத்து, 1047 ஏன் பொருந்தவில்லை என்பதை விளக்குங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் இப்போது வேண்டாம். அடுத்ததாக எஸ்க்யூஎல் படியுங்கள். கணக்கு மென்பொருள்கள் பலவற்றின் அடியில் இருப்பது அட்டவணைகளாக அடுக்கிய தரவுத்தளம்தான். அதனிடம் கேள்வி கேட்கும் மொழி இது. அடிப்படையைச் சில வாரங்களில் பிடித்துவிடலாம். உங்கள் இரண்டு பட்டியல்களையும் இரண்டு அட்டவணைகளாக ஏற்றி, ஜாயின் என்ற கட்டளையால் இணைத்து, பொருந்தாத பில்களை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த இடைவெளி மறுபடியும் வந்து மாட்டும். இந்த முறை எங்கே பார்க்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.